காட்பாடி நடைமேடையும் இரண்டு சராசரிகளும்

காட்பாடியில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரங்களில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிற ஒரு பரிமாண இயக்கம் என்ற பகுதியைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிக விருப்பத்தோடு நடத்துகிறேன். கடந்த தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம், இடப்பெயர்ச்சியை, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை திசையோடு சேர்த்துச் சொல்லும் மாற்றத்தை, நேரத்தால் வகுத்தால் சராசரி திசைவேகம் என்று இரண்டே வரிகளில் அங்கே இரண்டு சராசரிகள் அறிமுகமாகின்றன. மாணவர்கள் அவ்விரு வரிகளையும் மனப்பாடம் செய்து, வேறுபடுத்துக என்று வருகிற வினாவுக்கு அட்டவணை போட்டு விடை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அட்டவணையில் எதிரெதிரே நிற்பதால் அவை ஒன்றுக்கொன்று போட்டி என்றும், ஒரு கணக்குக்கு இரண்டில் ஏதோ ஒன்றுதான் உரியது என்றும் ஓர் எண்ணம் அவர்களிடம் ஊறிவிடுகிறது. அந்த எண்ணத்தை மாற்றவே இதை எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால், தனித்தனியாக இரண்டும் சொல்லாத ஒரு செய்தி கிடைக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு தூரம் பின்னோக்கி நகர்ந்தது என்பதே அந்தச் செய்தி.

பொருள் இருக்கும் இடத்தை ஒரே ஓர் எண்ணால் சொல்லிவிட முடியுமானால் அது ஒரு பரிமாண இயக்கம். வட ஆற்காட்டு மக்களுக்கு இதற்கு ரயில் பாதையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேவையில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. பாதையோரம் நட்டிருக்கும் கிலோமீட்டர் கற்களின் எண்ணே வண்டியின் இடம். சென்னை சென்ட்ரலை ஆதிப்புள்ளியாகக் கொண்டால் அரக்கோணம் ஏறக்குறைய 69, காட்பாடி ஏறக்குறைய 130, ஜோலார்பேட்டை ஏறக்குறைய 214 என்ற எண்களில் நிற்கின்றன. பாதை வளைகிறதே, அதை எப்படி ஒரு பரிமாணம் என்று சொல்லலாம் என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி அது. சென்னையிலிருந்து அரக்கோணம் வரை ஏறத்தாழ மேற்காகவே வரும் பாதை அதன் பிறகு தென்மேற்காகத் திரும்புகிறது என்பதும், அதனால் சென்ட்ரலுக்கும் காட்பாடிக்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவு 130 கிலோமீட்டரை விடக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் பாதையோடு அளந்த எண்ணையே இடம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு வளைவு நம் கணக்கில் நுழைவதில்லை. எண் கூடும் பக்கம், எண் குறையும் பக்கம் என்று இரண்டே திசைகள் எஞ்சுகின்றன. ஒன்றுக்குக் கூட்டல் குறியும் மற்றொன்றுக்குக் கழித்தல் குறியும் இட்டுவிட்டால் திசை முழுவதும் அந்தக் குறிக்குள் அடங்கிவிடும்.

இனி நிலையத்துக்குள்ளேயே வருவோம். காட்பாடி சந்திப்பின் நீளமான நடைமேடையில், நடை மேம்பாலத்தின் படிக்கட்டு வந்து இறங்கும் இடத்தை ஆதிப்புள்ளி என்றும், ஜோலார்பேட்டை பக்கத்தைக் கூட்டல் திசை என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பயணி படிக்கட்டிலிருந்து இறங்கி, தன் பெட்டி ஜோலார்பேட்டை பக்கம் நிற்கும் என்று நினைத்து 120 மீட்டரை 100 நொடிகளில் நடக்கிறார். அங்கே நின்று, பெட்டி வரிசையைக் காட்டும் பலகையை 40 நொடிகள் பார்க்கிறார். தன் பெட்டி அரக்கோணம் பக்கம் நிற்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. திரும்பி, விரைந்து நடந்து, 200 மீட்டரை 100 நொடிகளில் கடந்து பெட்டியின் வாசலை அடைகிறார். மொத்தம் 240 நொடிகள். அவர் கடந்த தொலைவு 120 மீட்டரும் 200 மீட்டரும் சேர்ந்து 320 மீட்டர். ஆகவே சராசரி வேகம் நொடிக்கு 1.33 மீட்டர். அவருடைய இடப்பெயர்ச்சி 120 மீட்டரிலிருந்து 200 மீட்டரைக் கழிக்க வருகிற −80 மீட்டர். ஆகவே சராசரி திசைவேகம் நொடிக்கு −0.33 மீட்டர்.

இவ்விரு எண்களில் எதைக் கொண்டு அவருடைய நடையை விவரிப்பது? அவர் கால்கள் எவ்வளவு உழைத்தன என்பதை 1.33 சொல்கிறது, ஆனால் அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள உறவை −0.33 சொல்கிறது, இடையில் அவர் அலைந்த அலைச்சல் அதற்குத் தெரியாது. படிக்கட்டிலிருந்து நேராக அரக்கோணம் பக்கம் திரும்பி 240 நொடிகளில் 80 மீட்டர் மெல்ல நடந்து வருகிற ஒரு முதியவருக்கும் அதே −0.33 தான் கிடைக்கும். இதுவரை எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. இதற்கு அடுத்த படிக்குத்தான் மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கூட்டல் திசையில் நடந்த தொலைவை முன்நடை என்றும், எதிர்த்திசையில் நடந்த தொலைவைப் பின்நடை என்றும் அழைப்போம். கடந்த தொலைவு இவ்விரண்டின் கூட்டுத்தொகை. இடப்பெயர்ச்சி முன்நடையிலிருந்து பின்நடையைக் கழித்த மீதி. தொலைவிலிருந்து இடப்பெயர்ச்சியைக் கழித்தால் முன்நடை அடிபட்டுப் போய், பின்நடையின் இருமடங்கு மட்டும் நிற்கும். ஆகவே சராசரி வேகத்திலிருந்து சராசரி திசைவேகத்தைக் கழித்து, மொத்த நேரத்தால் பெருக்கி, பாதியாக்கினால் பின்நடை கிடைத்துவிடும். நம் பயணிக்கு 1.33 இலிருந்து −0.33 ஐக் கழித்தால், தசமங்களைச் சுருக்காமல் பார்க்க 5/3, அதாவது ஏறக்குறைய 1.67, அதை 240 ஆல் பெருக்க 400, பாதி 200 மீட்டர். பலகை எங்கே இருந்தது, அவர் எத்தனை நொடி நின்றார் என்பதெல்லாம் தெரியாத ஒருவரிடம் இரண்டு சராசரிகளையும் மொத்த நேரத்தையும் மட்டும் கொடுத்தாலும், அவர் இந்த 200 மீட்டரைக் கண்டுபிடித்துவிடுவார்.

சராசரி திசைவேகத்தின் எண்மதிப்பு சராசரி வேகத்தைவிட ஒருபோதும் அதிகமாகாது என்று ஒரு விதியை மாணவர்கள் தனியே மனப்பாடம் செய்கிறார்கள். மேலே சொன்ன கூட்டலும் கழித்தலும் புரிந்தவர்களுக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. சுழிக்குக் குறையாத இரண்டு எண்களின் வித்தியாசம் அவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்ட முடியாது. இரண்டில் ஒன்று சுழியாக இருந்தால் மட்டுமே சமமாகும். அதாவது பயணத்தில் எங்கும் திசை மாறாதபோது மட்டுமே இரண்டு சராசரிகளும் எண்ணளவில் ஒன்றாகும்.

அடுத்தது, எந்தக் கால இடைவெளிக்கு என்ற கேள்வி. இதைக் கேட்காமல் சராசரி என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே பயணியின் முதல் 140 நொடிகளை மட்டும் எடுத்தால், அதற்குள் அவர் திரும்பவே இல்லை. இரண்டு சராசரிகளும் நொடிக்கு 0.86 மீட்டர். முதல் 200 நொடிகளை எடுத்தால், திரும்பி நடக்கத் தொடங்கிய 60 நொடிகளில் அவர் 120 மீட்டர் வந்து சரியாகப் படிக்கட்டின் எதிரில் இருக்கிறார். இடப்பெயர்ச்சி சுழி, சராசரி திசைவேகம் சுழி, சராசரி வேகமோ நொடிக்கு 1.2 மீட்டர். 240 நொடிகளுக்கு −0.33. ஒரே மனிதர், ஒரே நடை. இடைவெளியை மாற்றினால் சராசரி திசைவேகம் கூட்டல் எண்ணாகவும், சுழியாகவும், கழித்தல் எண்ணாகவும் மாறுகிறது. வேலூரிலிருந்து குடியாத்தம் போய்த் திரும்பிவந்த பேருந்தின் சராசரி திசைவேகம் சுழி என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பில் எவராவது ஒருவர், "அவ்ளோ தூரம் ஓடின வண்டி ஓடவே இல்லைன்னு சொல்றீங்களா சார்?" என்று கேட்டுவிடுவார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்த அந்த முழு இடைவெளிக்கு மட்டும் இந்தச் சுழி சொந்தம், போகும்போது எடுத்த எந்த இடைவெளிக்கும் அது பொருந்தாது என்பதே அவருக்கு நான் சொல்லும் விடை.

வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் மதிப்பெண் மிகுதியாகப் போவது இந்த இடத்தில்தான். நம் பயணி போகும்போது நொடிக்கு 1.2 மீட்டர், திரும்பும்போது நொடிக்கு 2 மீட்டர். கூட்டிப் பாதியாக்கினால் 1.6, உண்மையான சராசரி வேகமோ 1.33. நின்ற 40 நொடிகளை விட்டுவிட்டதால் வந்த பிழை இது. நிற்பதும் அந்த இடைவெளிக்குள் நிகழ்ந்ததுதான், சுழி வேகத்தில் கழிந்த நேரமும் வகுக்கும் எண்ணில் சேர வேண்டும். நிற்காமலே நடந்திருந்தால் 320 மீட்டர், 200 நொடிகள், நொடிக்கு 1.6 மீட்டர் என்று சரியாகவே வந்திருக்கும். இரண்டு வேகங்களிலும் சமமான நேரம், அதாவது 100 நொடிகள் வீதம், நடந்ததால்தான் அது சரியாக வந்தது. வேகத்தின் சராசரியில் ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய பங்கை அந்த வேகத்தில் கழிந்த நேரமே தீர்மானிக்கிறது. அந்த வேகத்தில் கடந்த தொலைவு தீர்மானிப்பதில்லை.

ஏலகிரிக்குப் போகிறவர்கள் இதை நேரில் உணரலாம். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறும்போது வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரிலும், இறங்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டரிலும் செல்வதாக வைத்துக்கொள்வோம். முழுப் பயணத்தின் சராசரி வேகம் 25 அன்று, 24. பாதையின் நீளம் எவ்வளவு என்று நான் சொல்லாததைக் கவனியுங்கள். அது தேவையே இல்லை. ஒரே தொலைவை 20 இல் கடக்க ஆகும் நேரமும் 30 இல் கடக்க ஆகும் நேரமும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்கும். மூன்று பங்கு நேரம் 20, இரண்டு பங்கு நேரம் 30 என்றால் சராசரி 24 தான். குறைந்த வேகம் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வதால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இதிலிருந்து பிறக்கும் இன்னொரு கேள்வி மாணவர்களை நெடுநேரம் யோசிக்க வைக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறியாகிவிட்டது. போகவர மொத்தச் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் ஆக வேண்டுமென்றால் எந்த வேகத்தில் இறங்க வேண்டும்? 60 என்று பலர் உடனே சொல்லிவிடுவார்கள். இருமடங்கு தொலைவை இருமடங்கு வேகத்தில் கடக்க ஆகும் நேரம், ஒருமடங்கு தொலைவை அந்த 20 இல் ஏற ஆன நேரத்துக்குச் சமம். அந்த நேரம் முழுவதும் ஏற்றத்திலேயே செலவாகிவிட்டது. இறங்குவதற்கு ஒரு நொடிகூட மிச்சமில்லை. எந்த வேகத்தாலும் அந்தச் சராசரியை எட்ட முடியாது.

ரயில்வே நிர்வாகம் சராசரி வேகத்தைக் கொண்டு பணமே வாங்குகிறது. அகலப் பாதையில் ஒரு வண்டியின் சராசரி வேகம் போகும் திசையிலும் வரும் திசையிலும் மணிக்கு 55 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அது அதிவிரைவு வண்டியாகக் கணக்கிடப்பட்டு, அதற்கென்று கூடுதல் கட்டணம் சேர்க்கப்படுகிறது. இந்தச் சராசரி புறப்படும் நிலையம் முதல் போய்ச் சேரும் நிலையம் வரையிலான முழு ஓட்டத்துக்கும் உரியது. இடையில் நிற்கும் நேரங்களெல்லாம் அதற்குள் அடக்கம். அளவு புரிவதற்காக நம் பாதையின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், சென்ட்ரலிலிருந்து காட்பாடி வரையிலான 130 கிலோமீட்டரை 55 என்ற சராசரியில் கடக்க 2 மணி 22 நிமிடம் ஆகும். இடையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்ட வண்டியையும் நிலையத்துக்கு வெளியே அவுட்டரில் நிறுத்தி வைத்துவிட்டால் சராசரி சரிந்துவிடும். பெட்டிக்குள் இருக்கிறவர்கள், எவ்வளவு வேகமாக வந்த வண்டி என்று அங்கலாய்ப்பார்கள். அவர்கள் நினைவில் நிற்பது வண்டியின் உச்ச வேகம். வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தைத் தீர்மானிப்பதோ சராசரி.

வரைபடத்தில் இவை எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது அவசியம். குறுக்கே நேரத்தையும் நெடுக்கே இடத்தையும் குறித்தால், நம் பயணியின் கோடு 120 வரை ஏறி, 40 நொடிகள் கிடையாகச் சென்று, பிறகு ஏற்றத்தைவிடச் செங்குத்தான சரிவில் இறங்கி −80 இல் முடியும். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் இணைத்து ஒரு நாண் வரைந்தால், அந்த நாணின் சாய்வே சராசரி திசைவேகம். கோடு இடையில் எப்படி நெளிந்தாலும் நாண் மாறாது. சராசரி வேகத்தை இப்படி ஒரே நாணில் படித்துவிட முடியாது. கோடு திரும்புகிற ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, ஏற்றங்களையும் இறக்கங்களையும் தனித்தனியே அளந்து, குறி பார்க்காமல் கூட்ட வேண்டும். கணக்கில் பொருள் எங்கே திரும்புகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் சராசரி வேகத்தைத் தொடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

திரும்புமிடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலெறிந்த பந்து நல்ல சோதனை. வேலூர் நேதாஜி விளையாட்டு அரங்கின் நடுவே ஒருவர் ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறார். காற்றுத் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது நொடிக்கு நொடி திசைவேகம் மாறும் அளவை, 10 என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். முதல் 2 நொடிகளில் பந்து 20 மீட்டர் ஏறிக் கணநேரம் நின்று, மூன்றாம் நொடியில் 5 மீட்டர் இறங்குகிறது. முதல் 3 நொடிகளுக்கு இடப்பெயர்ச்சி 15 மீட்டர், சராசரி திசைவேகம் நொடிக்கு 5 மீட்டர். தொடக்கத் திசைவேகம் 20, மூன்றாம் நொடி முடிவில் −10. கூட்டிப் பாதியாக்கினாலும் 5 தான் வருகிறது. இது தற்செயல் அன்று. முடுக்கம் மாறாமல் இருக்கும்போது தொடக்கத் திசைவேகத்துக்கும் இறுதித் திசைவேகத்துக்கும் நடுவிலுள்ள எண்ணே சராசரி திசைவேகம் என்பதை 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்டறிந்தார்கள். அதே நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரேம் அதைப் படம் வரைந்து நிறுவினார். கலிலியோ அதை விழும் பொருள்களுக்குப் பொருத்திக் காட்டிய நூல் 1638இல் வெளிவந்தது. ஆனால் இந்த விதி திசைவேகத்துக்கு மட்டுமே உரியது. குறியைத் தள்ளிவிட்டு 20ஐயும் 10ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 15 வரும். பந்தின் உண்மையான சராசரி வேகமோ 25 மீட்டரை 3 நொடிகளால் வகுக்க வரும் 8.33 தான். பந்து திரும்பும் உச்சியில் பயணத்தைப் பிரித்து, ஏற்றத்துக்கு ஒன்று இறக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியே கணக்கிட்டுத்தான் அதை அடைய முடியும். பின்நடைச் சூத்திரத்தையும் இங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்: 8.33 இலிருந்து 5 போக 3.33, அதை 3 ஆல் பெருக்க 10, பாதி 5 மீட்டர். பந்து இறங்கிய தொலைவு அதுவே.

இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால் இரண்டு சராசரிகளும் ஒன்றையொன்று நெருங்கிவருகின்றன. போதுமான அளவு சிறிய இடைவெளிக்குள் பொருளுக்குத் திரும்ப நேரமிருக்காது; திரும்பாதபோது பின்நடையோ முன்நடையோ ஏதேனும் ஒன்று சுழி; ஆகவே இரண்டும் எண்ணளவில் சமம். சரியாக உச்சியில் என்ன ஆகும் என்று கேட்கலாம். அங்கே இரண்டுமே சுழியை நோக்கிச் சுருங்கிவிடுவதால் முரண்பாடு எழுவதில்லை. கணநேர வேகம் என்பது கணநேரத் திசைவேகத்தின் எண்மதிப்பு என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிடுவதன் அடிப்படை இதுவே. சராசரி வேகத்துக்கும் சராசரி திசைவேகத்துக்கும் அதே உறவு இருக்கும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பதும் அந்த ஒற்றை வரியிலிருந்துதான் வருகிறது. நீண்ட இடைவெளியில் பொருளுக்குத் திரும்ப இடமுண்டு. அந்த இடம்தான் இரண்டையும் பிரிக்கிறது.

சராசரியிலிருந்து கணநேரத்தைப் பற்றி ஏதாவது அறிய முடியுமா? முடியும், ஓரளவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்த ஒரு கார் வாணியம்பாடி சுங்கச்சாவடியைக் கடக்கிறது. ஃபாஸ்டாக் இரண்டு இடத்திலும் நேரத்தைப் பதிந்துவிடுகிறது. கணக்குக்காக இடைத்தொலைவு 50 கிலோமீட்டர் என்றும், ஆன நேரம் 30 நிமிடம் என்றும் கொண்டால் சராசரி மணிக்கு 100 கிலோமீட்டர். காரின் வேகம் தொடர்ச்சியாக மாறுவது. அது திடீரென்று ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்குத் தாவ முடியாது. ஆகவே இடையில் ஏதாவது ஒரு கணத்திலாவது வேகமானியின் முள் சரியாக 100 இல் இருந்தே தீர வேண்டும். எப்போதும் 100க்குக் கீழேயே ஓட்டினேன் என்று ஓட்டுநர் சொன்னால் அது கணக்குக்கு ஒவ்வாது. அதே கார் ஆம்பூரில் நின்று பிரியாணி சாப்பிட 20 நிமிடம் எடுத்துக்கொண்டு, 50 நிமிடத்தில் வாணியம்பாடியைக் கடந்திருந்தால், பதிவின்படி சராசரி மணிக்கு 60 மட்டுமே. ஆனால் ஓடிய 30 நிமிடங்களுக்கு அது அதே 100 தான். சராசரி வேகம் உச்ச வேகத்துக்கு ஒரு கீழ் எல்லையைத் தருகிறது, மேல் எல்லையைத் தருவதில்லை. நடைமேடைக் கணக்கில் முதல் 140 நொடிகளின் சராசரி 0.86, ஆனால் நம் பயணி 1.2 இல் நடந்தார் அல்லது நின்றார், 0.86 இல் நடந்ததாகவே நாம் சொல்லவில்லை. வேகம் ஒரே கணத்தில் 1.2 இலிருந்து சுழிக்குத் தாவுவதாக எளிமைப்படுத்திக்கொண்டதால் வந்த குறை அது. உண்மையான மனிதர் நிற்பதற்கு முன் மெதுவாவார். அப்போது அவர் அந்த 0.86ஐயும் கடந்தே நிற்பார்.

இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி பார்ப்பவரை மாற்றிப் பார்ப்பது. அதே நடைமேடையை ஒட்டிய பாதையில் ஒரு சரக்கு ரயில் ஜோலார்பேட்டை பக்கமாக நொடிக்கு 3 மீட்டர் என்ற சீரான வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அந்த ரயிலோடு நகரும் ஒருவர் நம் பயணியை 240 நொடிகளும் அளப்பதாகக் கற்பனை செய்வோம். பயணி முன்னே நடந்தபோது அவருக்கு அது நொடிக்கு −1.8 மீட்டர், நின்றபோது −3, திரும்பி நடந்தபோது −5. மூன்றும் கழித்தல் எண்கள். அவர் பார்வையில் பயணி ஒரே திசையில், பின்னோக்கியே, முதலில் 180 மீட்டரும் பிறகு 120 மீட்டரும் பிறகு 500 மீட்டருமாக 800 மீட்டர் போயிருக்கிறார். சராசரி திசைவேகம் நொடிக்கு −3.33 மீட்டர், சராசரி வேகம் அதே 3.33. தரையில் நின்று பார்த்தவருக்குக் கிடைத்த −0.33 இலிருந்து ரயிலின் 3ஐக் கழித்தால் இந்த −3.33 நேராகக் கிடைத்துவிடுகிறது. சராசரி வேகத்துக்கோ அப்படி ஒரு நேர்வழி இல்லை, 1.33 இலிருந்து 3.33க்குப் போக நடையை மீண்டும் துண்டு துண்டாகப் பார்த்தாக வேண்டும். தரைக்கு இருந்த திரும்புதல் ரயிலுக்கு இல்லாமலே போய்விட்டது. பயணி திரும்பினாரா இல்லையா என்பது யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் பஞ்சாங்கத்தில் வருகிற வக்கிரம், அதாவது ஒரு கிரகம் பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவது, இதே கணக்குதான். ராசி மண்டலத்தின் வழியே ஒரு கிரகம் இருக்கும் இடத்தைப் பாகைகளில் ஒரே எண்ணால் சொல்கிறோம். அந்த எண் வழக்கமாகக் கூடிக்கொண்டே போகிறது, சில காலம் குறைகிறது. செவ்வாயை எடுத்துக்கொள்வோம். நட்சத்திரங்களின் பின்னணியில் அது ஒரு சுற்று வர ஏறக்குறைய 687 நாட்கள். ஒரு வக்கிரத்துக்கும் அடுத்த வக்கிரத்துக்கும் இடையே சராசரியாக 780 நாட்கள். அந்த 780 நாட்களில் அதன் நிகர நகர்வு ஏறத்தாழ 409 பாகை; நாளொன்றுக்கு 0.52 பாகை என்பது அதன் சராசரி திசைவேகம். ஒவ்வொரு வக்கிரத்திலும் அது பின்னோக்கி வரும் அளவு தடவைக்குத் தடவை மாறினாலும் சுமார் 15 பாகை என்று கொள்ளலாம். பின்நடையின் இருமடங்கான 30 பாகையைக் கூட்டினால் கடந்த தொலைவு 439 பாகை. சராசரி வேகம் நாளொன்றுக்கு 0.56 பாகை. நம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திலிருந்து நோக்கினாலும், வீட்டு மொட்டை மாடியிலிருந்து நோக்கினாலும், மாதக்கணக்கில் குறித்து வைத்தால் இந்த இரண்டு எண்களும் வேறுபடும். சூரியனிலிருந்து நோக்கினால் செவ்வாய் எங்கும் திரும்புவதில்லை. அங்கே பின்நடை சுழி, நீண்ட காலத்துக்கு இரண்டு சராசரிகளும் அதே 0.52. பூமி செவ்வாயை முந்திச் செல்லும் வாரங்களில் நமக்குத் தெரியும் அந்த 15 பாகைப் பின்நடை, சரக்கு ரயிலில் இருந்தவருக்கு மறைந்துபோன 120 மீட்டர் முன்நடையைப் போலவே, நோக்குபவரின் இயக்கத்திலிருந்து வருவது.